அத்தை வாங்கி வந்த வெள்ளைப் பஞ்சு

மேகலாவின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த விதம் எங்கள் தெருவுக்குப் புதிதல்ல, வண்ண மீன் விற்கிற கொளத்தூரில் உயிரோடு எது வந்தாலும் அப்படித்தான் வந்து இறங்கும்: பெரிய பாலித்தீன் பையில் கீழே தண்ணீர், மேலே ஆக்சிஜன், பையின் வாயை முறுக்கிச் சுற்றிய ரப்பர் பேண்டு, வெயிலில் சூடாகிவிடாமல் சுற்றிலும் ஈரச் சாக்கு, ஆட்டோவின் பின்சீட்டில் தாயின் மடியில் குலுங்கிக் குலுங்கி. ஆட்டோக்காரர் தெருமுனையில் நிறுத்தி, "எந்தக் கடைக்குப்பா எறக்கணும்?" என்று கேட்டார். "கடைக்கு இல்லண்ணே, வீட்டுக்கு. எம் பொண்ணு" என்றான் பால்வண்ணன். ஆட்டோக்காரர் திரும்பிப் பைக்குள் எட்டிப் பார்த்து, "மூக்கு அப்படியே உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். பார்த்து, ஆக்சிஜன் இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம் என்றும், ரப்பர் பேண்டை இரட்டையாகப் போட்டிருக்க வேண்டும் என்றும் குறை சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிரசவ வார்டில் நடந்தது இவ்வளவுதான். பிள்ளை வந்தது, மூச்சு வரவில்லை, உடம்பு நீலம் பாய்ந்தது, இனி ஒன்றுமில்லை என்று துடைத்து மூட ஆயா வெந்நீர் டப்பில் முக்கியபோது தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. வெளியே எடுத்தால் நீலம், உள்ளே விட்டால் ரோஜா நிறம். டாக்டர்கள் இரண்டு மூன்று தரம் எடுத்தும் விட்டும் பார்த்தார்கள், தாயும் சேயும் நலம் என்று எழுதினார்கள், அடுத்த பிரசவக்காரி வராண்டாவில் காத்திருக்கிறாள், கட்டிலைக் காலி செய்யுங்கள் என்றார்கள்.

குழந்தை தண்ணீரில் மூச்சு விடுகிறதே என்று வாய் பிளக்க எங்கள் தெருவுக்கு நேரமில்லை. வாசலில் தொட்டி, மாடிப்படியில் தொட்டி, மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி, கட்டிலுக்கு அடியில் தொட்டி என்று தண்ணீரில் மூச்சு விடுகிற ஜீவன்களை வளர்த்து விற்றுத்தான் இங்கே எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கிறது. தலைவலி வேறு இடத்தில் இருந்தது. பால்வண்ணன் கண்ணாடித் தொட்டி ஒட்டுகிறவன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், தெருவில் பாதித் தொட்டிகள் அவன் கை பட்டவை. மகளுக்காக அவன் நாலடி நீளத்தில் ஒரு தொட்டி ஒட்டி, பிஞ்சுக் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று விளிம்பு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். அழகான தொட்டி. ஆனால் புதுத் தொட்டி.

புதுத் தொட்டி என்றால் என்னவென்று மீன் வளர்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதுத் தொட்டியின் தெளிந்த தண்ணீரைப் போல ஏமாற்றுகிற தண்ணீர் கிடையாது. மீன் கழிப்பதும், தின்றது போக மிஞ்சியதும் அந்தத் தெளிவுக்குள்ளேயே அமோனியாவாகக் கரைந்து நிற்கும், நிறம் இருக்காது, செவுளைச் சுட்டு, தோலைச் சுட்டு, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து பெரிய பிரயோஜனமும் இருக்காது. அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பெட்டிக்குள் வந்து குடியேற வேண்டும், பஞ்சிலோ ஸ்பாஞ்சிலோ பீங்கான் வளையங்களிலோ வழவழவென்று பழுப்பாய்ப் படிய வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீனை விடாமல் வெறும் தண்ணீரை ஓட விட்டுக் காத்திருப்போம். பார்க்கிற இடத்திலெல்லாம் "தண்ணி செட் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். மீனைக் காக்க வைக்கலாம். பிறந்த பிள்ளையை எங்கே காக்க வைப்பது? பெரிய தொட்டி இருந்த வீடுகளில் கடிக்கிற மீன் இருந்தது.

எனவே பிள்ளை ஒரு பிளாஸ்டிக் டப்பில் கைகாலை ஆட்டிக்கொண்டிருக்க, மொட்டை மாடியில் கப்பி மீன் வளர்க்கிற ரஹ்மத் அக்கா அதில் ஓயாமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க, மற்றவர்கள் புதுத் தொட்டியைச் சுற்றி நின்று ஃபில்டருக்குள் என்ன போடுவது என்று சண்டை போட்டார்கள். பீங்கான் வளையம்தான் என்றது ஒரு கூட்டம், அதன் துளைகளில் ஊரையே குடிவைக்கலாமாம். வளையமாவது கிளையமாவது, ஸ்பாஞ்சு போதும் என்றது இன்னொரு கூட்டம். கரி போடுங்கள், மூத்திர வாடை வராது என்றார் ஒருவர். கரி வாடையைத்தான் எடுக்கும், அமோனியாவை எடுக்காது என்று அவர் வாயை அடைத்தார் இன்னொருவர். அமோனியாவை உறிஞ்சுகிற வெள்ளைக் கல்லைப் போடலாமே என்று கடைக்காரர் கேசவலு சொல்ல, கல் வயிறு நிரம்பும்வரை உறிஞ்சும், அதற்கப்புறம் சும்மா கிடக்கும், அந்த நேரம் பார்த்து நீ கடையைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பாய் என்று அவர் மேல் பாய்ந்தார்கள்.

பால்வண்ணனுக்கு இதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. "எம் பிள்ளைக்கு எல்லாம் புதுசாத்தான் போடணும். அடுத்தவன் தொட்டியில ஊறுன அழுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றான். தலைச்சன் பிள்ளை, அவனைக் குறை சொல்ல முடியாது.

பாயில் சாய்ந்திருந்த மேகலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பொறந்த கொழந்தைக்கு யாராச்சும் புதுத்துணி போடுவாங்களா?"

யாரும் போட மாட்டார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப் போன பழைய வேட்டியையோ புடவையையோ, நோய் நொடி இல்லாமல் நன்றாக வாழ்ந்த வீடாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, அதில்தான் பிள்ளையைப் பொதிவார்கள். புதுசு எல்லாம் தீட்டுக் கழிந்த பிறகுதான். பிள்ளைக்குப் பழைய துணி என்றால் பிள்ளையின் தண்ணீருக்கும் பழைய ஸ்பாஞ்சுதான். இதை ஒரு பச்சை உடம்புக்காரி சொல்லும்வரை தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல வீடு எது என்பதிலும் பெரிய பேச்சு நடக்கவில்லை, எல்லாரும் கடைசி வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வீட்டில் உலகநாதன் தனியாக இருந்தார். டிஸ்கஸ் மீன் வளர்க்கிறவர், மனிதர்களோடு பேசுவதை மிச்சம் பிடித்து மீன்களோடு பேசுகிறவர், அவருடைய ஃபில்டர் அவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் ஓட ஆரம்பித்தது, அடைமழைக்கும் மின்வெட்டுக்கும் நிற்காமல் அன்றுவரை ஓடியது, அதன் மூடியை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. பால்வண்ணன் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் உள்ளே போய், கரும்பழுப்பு ஸ்பாஞ்சைக் காற்றுப் படாமல் தண்ணீருக்குள் வைத்தே பிளேடால் சரிபாதியாக அறுத்து, அதே தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டுக் கொடுத்தார். "பாதி போதுமா?" என்று மட்டும் கேட்டார். போதும் சார், போதும் என்று பால்வண்ணன் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

ஸ்பாஞ்சை உள்ளே வைத்து மோட்டாரைப் போட்டதும் தொட்டி ஒரு நிமிஷம் கலங்கிப் பிறகு தெளிந்தது, பிள்ளையை விட்டார்கள், அது ஒரு சுற்றுச் சுற்றி மூலையில் போய் ஹீட்டரோரம் ஒடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து தெருவுக்குப் பொழுது விடிந்தால் ஒரே வேலை. கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி ரஹ்மத் அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், பல் விளக்குகிறவர்கள் நுரை வாயோடு நிற்பார்கள், பள்ளிக்கூட வேன்காரர் ஹாரனை நிறுத்துவார். பச்சை என்றால் விஷம், மஞ்சள் என்றால் மங்கலம். "மஞ்சள்!" என்று அக்கா கத்திய பிறகுதான் பால் பொங்கும், இட்லி வேகும், ஷட்டர்கள் ஏறும்.

இப்படியே பிள்ளை தெருவோடு சேர்ந்துவிட்டது. மேகலா பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி மெல்லச் சாய்ப்பாள். பாதி வாய்க்குள் போகும், மீதி வெள்ளையாய்ச் சுருண்டு மேலே வரும். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பெண்கள் தங்கள் வாயையும் திறந்து திறந்து மூடுவார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா புடவையைச் செருகிக்கொண்டு முழங்கைவரை கையை விட்டுத் தொடையில் குத்தினாள், அழுகை குமிழி குமிழியாக மேலே வந்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணுபடும் என்று கண்ணாடியில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இந்தப் பிள்ளையும் என்று ஆகிவிட்டது. அந்த நினைப்பில்தான் ஆபத்து உட்கார்ந்திருந்தது.

தீட்டுக் கழித்துப் பேர் வைக்கிற நாள் நெருங்கியது. பால்வண்ணனின் அக்கா சங்கரவடிவு ஊரிலிருந்து வந்து இறங்கினாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று பிள்ளை வாய்க்காதவள், இந்தப் பிள்ளைக்கு அவள்தான் அத்தை, அத்தைதான் காதில் பேர் சொல்ல வேண்டும், அத்தைதான் முதல் புதுத்துணி எடுக்க வேண்டும். கொலுசு, நல்லெண்ணெய், முறுக்கு டின், குழந்தை சோப்பு என்று இரண்டு கைப் பைகளோடு வந்தவள் தொட்டியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "எங்கய்யா கண்ணுலா இது! எங்கய்யாவே வந்துட்டாவ!" என்று உரக்க அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எழுந்து, வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். சங்கரவடிவு சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள், மின்விசிறியைத் துடைத்தாள், துடைத்த துணியைத் துவைத்தாள், துவைத்த வாளியைத் துலக்கினாள். எல்லாம் பளிச்சென்று ஆன பிறகு அவள் கண் ஃபில்டர் பெட்டியில் போய் நின்றது.

"ஏலே, பிள்ளை கெடக்க தண்ணி இந்தச் சாக்கடைக்குள்ள பூந்தா வருது?"

"அது அப்படித்தான்க்கா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பால்வண்ணன் கண்ணாடி அறுக்கப் போய்விட்டான். ஏன் இருக்கணும் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, மூச்சு விடுவதை யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்?

தீட்டுக் கழிக்கிற அன்று காலை சங்கரவடிவு கேசவலுவின் கடைக்குப் போனாள். "பிள்ளைக்கு அத்தை சீரு. அந்தப் பொட்டிக்குள்ள வைக்கதெல்லாம் புதுசா, வெள்ளையா, உசத்தியாக் குடுங்க" என்றாள். இருபது வருஷமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பழசை எடுக்காதே, பழசை எடுக்காமல் பக்கத்தில் புதுசை வை என்று தொண்டை வறளச் சொல்கிற அதே கேசவலு, அன்றைக்கு, சீர் என்ற சொல்லைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகி, இருப்பதிலேயே வெள்ளையான பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் எடுத்து, ஜரிகைத் தாளில் சுற்றி, "ரிப்பன் ரோஸ் கலர்ல கட்டட்டுமாம்மா?" என்று கேட்டார்.

மேகலாவைத் தலைக்கு ஊற்ற அழைத்துப் போயிருந்தார்கள். பால்வண்ணன் மொட்டை மாடியில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தான். கூடம் நிறையத் தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சங்கரவடிவு பிள்ளையின் பழைய துணி, பாய், மருந்துத் தாள் என்று தூரப் போட வேண்டியதையெல்லாம் ஒரு சாக்கில் திணித்து, கடைசியாக ஃபில்டர் பெட்டியைத் திறந்து, அந்தக் கரும்பழுப்பு ஸ்பாஞ்சை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கி அதே சாக்கில் போட்டாள். ஜரிகைத் தாளைப் பிரித்தாள். வெள்ளைப் பஞ்சைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெல்லக் கிடத்தி, வளையங்களை அதன் மேல் பரப்பினாள். குலவை போட்டாள். சென்னைப் பெண்களுக்குக் குலவை வராது, ஆனாலும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள். கால் காசு பெறாத கப்பி மீனுக்குக்கூட அப்படிச் செய்ய விடமாட்டாத பெண்கள், அத்தை பிள்ளைக்குப் புதுத்துணி போடுகிறாள் என்று மட்டுமே பார்த்தார்கள். வாசலில் குப்பை வண்டி வந்தது, சாக்கு ஏறிப் போனது.

பேர் வைப்பது மறுநாள், நல்ல நேரம் பார்த்து. அந்த மறுநாள் காலை குப்பியைக் குலுக்க யாருக்கும் நேரமில்லை, ரஹ்மத் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், என்றைக்கும் மஞ்சள்தானே என்று விட்டுவிட்டார்கள். பந்தி விரித்து, வாழை இலை போட்டு, வடை பரிமாறிக்கொண்டிருந்தபோது கீழே கூடத்திலிருந்து மேகலாவின் குரல் வந்தது. கத்தவில்லை. "யாராச்சும் வாங்களேன்" என்றாள். அந்தக் குரலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கழுவாத கையோடு இறங்கினார்கள்.

பிள்ளை மேலே வந்திருந்தது. தண்ணீரின் மேல்தோலுக்குக் கீழே மல்லாந்து மிதந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. கழுத்தடியிலும் அக்குளிலும் தோல் சிவந்து தடித்திருந்தது. தண்ணீர் பளிங்காக இருந்தது. இந்தத் தெருவில் அந்த வாய் திறப்பைப் பார்க்காதவர்கள் கிடையாது, அதற்கப்புறம் என்ன என்று தெரியாதவர்களும் கிடையாது. ரஹ்மத் அக்கா மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கிக் குப்பியைத் தூக்கிப் பிடித்தாள், பச்சை, மஞ்சள் பாரித்த பச்சைகூட இல்லை, வாழை இலைப் பச்சை.

மேகலா ஃபில்டர் மூடியைத் தூக்கினாள். வெள்ளையாக இருந்தது.

"யாரு எடுத்தது?"

"நாந்தான் மேகலா, அத்தை சீரு" என்று சிரித்துக்கொண்டே முன்னால் வந்த சங்கரவடிவு, சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "ஏன், என்ன செஞ்சிட்டேன்?" என்றாள். கேசவலு மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"ஊருக்குப் போக்கா" என்றான் பால்வண்ணன். "போயிரு. என் கண்ணு முன்னால நிக்காத." அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

பிளீச்சிங் போகப் பிடித்து வைத்த பழைய தண்ணீர் வீட்டில் ஒரு குடம்கூட இல்லை. டிரம் டிரம்மாக வைத்திருந்ததெல்லாம் வீடு கழுவவும் விருந்து சமைக்கவும் போய்விட்டது. குழாயைத் திறந்தால் பிளீச்சிங் நெடி மூக்கை அறுத்தது. அக்கம்பக்கத்தில் பிடித்து வைத்திருந்ததை ஆளுக்கொரு வாளி ஓடி வந்து ஊற்றினார்கள், கேசவலு வெள்ளைக் கல்லை மூட்டையோடு கொண்டுவந்து கொட்டினார், பச்சை கொஞ்சம் வெளுத்தது. ஆனால் பிள்ளை குடிக்கவும் வேண்டும், கழிக்கவும் வேண்டும், கல் நிரம்பிவிடும், வாளிகள் காலியாகிவிடும், அழுக்கைத் தின்ன உள்ளே ஓர் உயிரும் இல்லை. சாயங்காலம்வரை தள்ளலாம், காலையில் பிள்ளை இருக்காது.

பால்வண்ணன் கடைசி வீட்டுக்கு ஓடினான். கதவு திறக்க நேரமானது. உலகநாதன் விருந்துக்கு வரவில்லை என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. "சார், அந்த மிச்சப் பாதி" என்று பால்வண்ணன் சொல்லி முடிக்குமுன் அவர் உள்ளே போய், அதைக் கையில் கொண்டுவந்து நீட்டினார். ஸ்பாஞ்சு நீலமாக இருந்தது.

"பாதியைக் குடுத்தப்புறம் என் தொட்டிக்குத் தாங்கலப்பா. மீன்லாம் ஒண்ணொண்ணாப் படுத்துடுச்சு. வேற வழி தெரியாம நீல மருந்து ஊத்துனேன். மருந்துல இதுவும் செத்துடுச்சு."

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா திருப்பிக் கொண்டாந்து குடுத்திருப்பீங்க."

அவருக்குப் பின்னால் அத்தனை வருஷம் ஃபில்டர் ஓடிய வீட்டில் தண்ணீர்ச் சத்தமே இல்லை. பால்வண்ணன் அந்த வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான், உலகநாதன் அவன் கையைப் பிடித்து எழுப்பினார். "அவனவன் தொட்டியில இருக்கறதைக் கொண்டாரச் சொல்லு. நின்னுக்கினு அழாத."

செய்தி போய்ச் சேருமுன்பே வீடுகள் திறந்தன. ஆனால் திறந்த வேகத்தில் ஒருவரும் வெளியே வரவில்லை, காரணம் இருந்தது. அந்தக் கோடையில் வெள்ளைப்புள்ளி நோய் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது, யார் வீட்டு மீனுக்கு வந்திருக்கிறது என்பது அவரவருக்கு மட்டும் தெரியும், வெளியே தெரிந்தால் வியாபாரி அடுத்த தெருவுக்குப் போய்விடுவான், ஒரு வருஷத்துக்குத் திரும்ப மாட்டான். நோய்பிடித்த தொட்டியின் ஸ்பாஞ்சு இந்தப் பிள்ளையின் வெந்த தோலில் என்ன செய்யும் என்று சொல்வாரில்லை. கொடுத்தால் பிள்ளைக்கு ஆகுமா என்ற பயம் ஒரு பக்கம், கொடுக்காவிட்டால் உன் வீட்டிலும் நோயா என்று கேட்பார்களே என்ற பயம் ஒரு பக்கம். கடைசியில் ஆளுக்கொரு கிண்ணத்தில் சொட்டச் சொட்ட ஸ்பாஞ்சோடு வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசையாக நின்றார்கள்.

மேகலா தொட்டியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பிள்ளையின் முதுகைத் தாங்கிக்கொண்டு, வலது கையை நீட்டினாள். "மோந்து பாத்துதான் வாங்குவேன்" என்றாள். உயிருள்ள ஸ்பாஞ்சு மழை பெய்த மண் மாதிரி மணக்கும், செத்தது அழுகின முட்டையாக நாறும். அது பாதிக் கணக்கு. நோய் மணக்காது. அது கொண்டுவந்தவர் மனசுக்குத்தான் தெரியும் என்பதால், அவள் ஸ்பாஞ்சை மோந்துகொண்டே கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் நின்றவள் ரஹ்மத் அக்கா. பிள்ளைக்கு முதல் நாளிலிருந்து தண்ணீர் மாற்றியவள். மேகலா கையை நீட்டினாள், அக்கா கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

"என்னுது வேணாம் மேகலா" என்றாள். பிறகு தெருவே கேட்கிற மாதிரித் திரும்பி நின்று, "என் கப்பிக்கெல்லாம் வெள்ளைப்புள்ளி. மாடி முழுக்க. கொண்டாந்துட்டேன், ஆனா மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

பிறகு வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு விலகினார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. மாமனாரும் மருமகனுமாக இருவர். எல்லார் கண்ணும் பார்க்க, தங்கள் ஒரு வருஷப் பிழைப்பைத் தாங்களே கிண்ணத்தில் தூக்கிக்கொண்டு அவர்கள் வீடு திரும்பினார்கள், விலக விலக வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது, பிள்ளையின் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தது. இனி வரிசையே இருக்காதோ என்று எல்லாருக்கும் தோன்றியது.

ஆனால் இருந்தது. மிஞ்சி நின்றவர்கள் நகரவில்லை. மேகலா மோந்தாள், முகத்தைப் பார்த்தாள், வாங்கினாள். "பாதி எடுத்துக்கோங்க, மீதி உங்களுக்கு வேணும்" என்று அவள் சொன்னபோது யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பாதி கொடுத்தவர் கதியை அப்போதுதான் கேட்டிருந்தார்கள், பாதி கொடுத்தாலும் சாகப்போகிற மீன், முழுசாகவே கொடுத்துவிடுவோம், பிள்ளைக்காவது ஆகட்டும் என்று வெறுங்கிண்ணத்தோடு ஒதுங்கினார்கள். கேசவலு கடைவாசலில் ஓடுகிற தொட்டியிலிருந்து கறுத்துப்போன வளையங்களை அள்ளி வந்து வைத்துவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டார்.

வெள்ளைப் பஞ்சை எடுத்துப் போட்டார்கள். பழுப்பும் கறுப்பும் பச்சையுமாகத் தெருவின் அழுக்கெல்லாம் பெட்டிக்குள் அடைந்தது, மோட்டாரைப் போட்டதும் அது தொட்டிக்குள் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, கண்ணாடி முழுக்கச் சேற்று நிறமாகி, பிள்ளை மறைந்துபோனது. மேகலாவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

"கை நெஞ்சு மேல இருக்குது" என்றாள் மேகலா. "அடிக்குது." கொஞ்சம் கழித்து, "அடிக்குது." பிறகு நெடுநேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அவள் சொன்னது வேறு. "நல்ல நேரம் முடியப்போவுது. அண்ணியைக் கூப்பிடுங்க."

"மேகலா" என்றான் பால்வண்ணன்.

"பேரில்லாம இவளை நான் எங்கயும் அனுப்ப மாட்டேன். கூப்பிடுங்க."

சங்கரவடிவு தெருமுனையில் பூட்டிய கடையின் படியில், கொண்டுவந்த பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, ரோஸ் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்வண்ணன்தான் போனான். அவன் என்ன சொன்னானோ, அவள் பைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள், வாசல்படியில் கால் வைக்கப் பயந்து நின்றாள்.

"நான் வேண்டாம்மா. நான் தொட்டது போதும். வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லு."

"வேற யாரு அண்ணி இவளுக்கு அத்தை?" என்றாள் மேகலா.

காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், காது தண்ணீருக்குள் இருந்தது, தண்ணீர் ஊர் மீன்களின் கழிவெல்லாம் கலந்து சாக்கடையாக இருந்தது. துடைத்த துணியையும் துவைக்கிற சங்கரவடிவு கொண்டையை இறுக்கிக்கொண்டாள். மேகலா தன் கையால் அவள் தாடையைப் பிடித்துப் பிள்ளையின் காது எங்கே என்று வழிகாட்டினாள். அத்தை கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முகத்தை அந்தத் தண்ணீருக்குள் விட்டாள்.

பேர் குமிழிகளாக மேலே வந்தது, மேலே வந்து உடைந்தது, வெளியே நின்றவர்களுக்கு எழுத்துக்கூடப் புரியவில்லை. இரண்டாம் தரம் குமிழிகள் குறைந்தன. மூன்றாம் தரம் ஒன்றிரண்டுதான். அவள் முகத்தை எடுத்தபோது புருவத்திலும் கன்னத்திலும் உதட்டிலும் பழுப்பாக ஒட்டியிருந்தது. ரஹ்மத் அக்கா துண்டை நீட்டினாள், அவள் அதைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

பிறகு, மோட்டார்க் குழாயிலிருந்து விலகி, தொட்டியின் நடுவில், மேகலாவின் கை இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஒரு குமிழி வந்தது. அது அத்தையின் குமிழி இல்லை, அத்தையின் முகம் வெளியே இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு கொத்து.

"அண்ணி, உங்க கையை உள்ள விடுங்க" என்றாள் மேகலா. "எதையோ தேடுறா."

சங்கரவடிவு வளையலோடு முழங்கைவரை கையை விட்டாள். உள்ளே தடவினாள். சட்டென்று அவள் தோள் குலுங்கியது, வாயைத் திறந்தாள், குலவையா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது, வெளியே நின்ற பெண்கள் அதைக் குலவையாகவே எடுத்துக்கொண்டு நாக்கைச் சுழற்றினார்கள், முதல் தரமாக அது அவர்களுக்கு வந்தது.

"விரலைப் பிடிச்சிட்டா, ஏலே" என்றாள் தம்பியிடம். "விட மாட்டேங்கா."

தெருமுனையில் பைகள் கிடக்கின்றன என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள், உலகநாதன் போய் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளை விரலை விடவில்லை, அதனால் சங்கரவடிவு அன்றைக்கு ரயிலுக்குப் போகவில்லை.